தனாமி சாலையில் ஒரு பாலர் பள்ளி: பயண நாட்குறிப்பு

ஞாயிறு, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்

ஆஸ்திரேலியாவின் நட்டநடுவில் இருக்கும் இந்த ஊருக்கு மெல்பர்னிலிருந்து மூன்று மணி நேர விமானப் பயணம். ஆகஸ்ட் மாதம் என்பதால் பகல் வெயில் இதமாக இருக்கிறது. பொழுது சாய்ந்ததும் பல் கிட்டுகிறது. சாயங்காலம் டாட் நதிப் பக்கம் நடந்தேன். நதியில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. அகலமான மணல் படுகை, நடுவே ஆளுயரத்தைப் போலப் பல மடங்கு வளர்ந்த யூகலிப்டஸ் மரங்கள். இது அர்ரெர்ண்டெ மக்களின் நிலம். அவர்கள் இந்த ஊரை ம்பார்ன்ட்வே என்கிறார்கள்.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். மெல்பர்னில் நான் பாலர் பள்ளி ஆசிரியை. பெரிய பள்ளிக்குப் போவதற்கு முந்தைய ஒரு வருடம், வாரத்துக்கு 15 மணி நேரம், பிள்ளைகள் எங்களிடம் வருவார்கள். வகுப்பில் கணினி மூலை ஒன்று உண்டு. ஒரு நாற்காலி, ஒரு மணல் கடிகாரம், சுவரில் பெயர்ப் பட்டியல். மணல் இறங்கியதும் அடுத்த பிள்ளையின் முறை. மெல்பர்னில் பல பாலர் பள்ளிகளிலும் காணும் ஏற்பாடுதான் இது. ஆனால் பிள்ளைகளுக்கு அது இயல்பாக வருவதே இல்லை. 1985-இல் முல்லர், பெர்ல்மட்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பாலர் வகுப்புகளைக் கவனித்தார்கள். கணினி முன்னால் இருக்கும் நேரத்தில் 63 சதவீதம் பிள்ளைகள் கூட்டாளிகளோடு சேர்ந்தே இருந்தார்கள். படத்துண்டுகளை அடுக்கும் புதிரில் அது வெறும் 7 சதவீதம். கணினி பிள்ளையைத் தனிமைப்படுத்திவிடும் என்று பெரியவர்கள் பயந்த காலம் அது. பிள்ளைகளோ அதைச் சுற்றிக் கூடினார்கள்.

அப்படியானால், வார்ல்பிரி என்ற பாலைவனத்துப் பழங்குடி மக்களைப்போல, சேர்ந்திருப்பதையே வாழ்க்கையாகக் கொண்ட ஒரு சமூகத்தின் பிள்ளைகள் கணினி முன்னால் எப்படி இருப்பார்கள்? இந்தக் கேள்வியோடுதான் வந்திருக்கிறேன். என்னை அழைத்துப் போகிறவர் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. செவித்திறன் பரிசோதகர், பாலைவனத்துக் கிராமங்களுக்குப் பல வருடங்களாகப் போய்வருகிறார். பிள்ளைகளோடு வேலை செய்ய இந்த நார்தர்ன் டெரிட்டரியில் (முழு மாநில அந்தஸ்து இல்லாத ஆட்சிப்பகுதி, வசதிக்காக மாநிலம் என்றே எழுதுகிறேன்) தேவைப்படும் ஓக்கர் கார்டு கையில் இருக்கிறது. பழங்குடி நிலத்துக்குள் போக அனுமதிச் சீட்டும் வந்துவிட்டது. நாங்கள் போகிற ஊரின் பெயரையும் பள்ளியின் பெயரையும் எழுத மாட்டேன். பிள்ளைகளைப் படமும் எடுக்க மாட்டேன். ஊர்ப் பெரியவர்கள் அப்படித்தான் விரும்புகிறார்கள்.

அதற்குக் காரணம் இந்த ஊரிலேயே இருக்கிறது. இன்று பார்த்த பழைய தந்தி நிலையம் 1872-இல் கண்டத்தின் குறுக்கே இழுத்த தந்திக் கம்பிக்காகக் கட்டியது. சுற்றுலா வருகிறவர்கள் அதைத்தான் பார்க்கிறார்கள். 1932 முதல் 1942 வரை அங்கேயே 'பங்களா' என்ற பெயரில் ஓர் இல்லம் நடந்தது. பழங்குடித் தாய்களிடமிருந்து பிரித்த கலப்பினப் பிள்ளைகளை அரசு அங்கே வைத்திருந்தது. 2008 பிப்ரவரி 13-ஆம் தேதி நாடாளுமன்றத்தில் பிரதமர் கெவின் ரட் மன்னிப்புக் கேட்டது இப்படிப் பறிபோன தலைமுறைகளிடம்தான். அதற்கு முந்தைய வருடம், 2007-இல், பிள்ளைகளைப் பாதுகாக்கிறோம் என்று சொல்லி மத்திய அரசு இந்த மாநிலத்துப் பழங்குடிக் கிராமங்களுக்குள் நுழைந்தது. ராணுவத்தினரும் உடன் வந்தார்கள். பிள்ளைகளை மறுபடி பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று நடுங்கிய குடும்பங்கள் உண்டு. வெளியாள் ஒருத்தி நோட்டுப் புத்தகத்தோடு வந்து பிள்ளைகளை உற்றுப் பார்ப்பது இந்த மண்ணில் சின்ன விஷயம் இல்லை.

திங்கள், தனாமி சாலை

விடியுமுன் கிளம்பினோம். ஊருக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் நெடுஞ்சாலையிலிருந்து இடப்பக்கம் பிரிகிறது தனாமி சாலை. இப்படியே போனால் ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹால்ஸ் கிரீக். டில்மவுத் வெல் சாலையோரக் கடையில் டீசல் போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு தேநீர் குடித்தோம்.

பாதையில் கோனிஸ்டன் பக்கத்தைக் கடந்தோம். 1928-இல் ஒரு வெள்ளைக்காரர் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்க, ஜார்ஜ் மரே என்ற போலீஸ்காரரின் தலைமையில் போனவர்கள் இங்கே வார்ல்பிரி, அன்மாட்யேர், கைடிட்ஜ் மக்களைச் சுட்டுக் கொன்றார்கள். அரசுக் கணக்கில் 31 பேர். மக்கள் சொல்லும் கணக்கு அதைவிட மிகப் பெரிது. மாநிலக் காவல்துறை இதற்கு மன்னிப்புக் கேட்டது 2018-இல், 90 வருடம் கழித்து. இன்றைய பாலர் பிள்ளைகளின் கொள்ளுப்பாட்டிகளும் கொள்ளுத்தாத்தாக்களும் அன்று ஓடி ஒளிந்த பிள்ளைகள். அதை நினைத்துக்கொண்டே ஜன்னலைப் பார்த்து வந்தேன். அக்காவும் வெகு நேரம் பேசவில்லை.

ஆலிஸிலிருந்து 290 கிலோமீட்டரில் யுவெண்டுமு வந்தது. வார்ல்பிரி ஊர்களில் பெரியது. 1946-இல் அரசு ரேஷன் கொடுக்கும் இடமாகத் தொடங்கியது. மின்திரை வந்தால் பழங்குடிப் பண்பாடு அழிந்துவிடும் என்று நினைப்பவர்கள் இந்த ஊரின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1985-இல் செயற்கைக்கோள் வழியாக நகரத்துத் தொலைக்காட்சி பாலைவனத்துக்குள் வரப்போகிறது என்று தெரிந்ததும், இந்த ஊர்க்காரர்கள் கையில் கிடைத்த சாதனங்களை வைத்துத் தாங்களே ஒளிபரப்பத் தொடங்கிவிட்டார்கள், வார்ல்பிரி மொழியில், உரிமம் இல்லாமலேயே. 1990-களின் தொடக்கத்தில், உலகத்தில் பல நகரங்களுக்கே எட்டாத காணொளி உரையாடலைத் தனாமி நெட்வொர்க் என்ற பெயரில் பாலைவனத்து ஊர்களுக்குள் கொண்டுவந்தார்கள். தங்கள் நிலத்துச் சுரங்கத்திலிருந்து வரும் ராயல்டிப் பணத்தையும் அதற்குப் போட்டார்கள். தூர ஊர்ச் சொந்தங்கள் முகம் பார்த்துப் பேச வேண்டும், சிறையில் இருக்கும் மகனைத் தாய் பார்க்க வேண்டும் என்பதற்குத்தான் அது முக்கியமாகப் பயன்பட்டது. புதுச் சாதனம் எது வந்தாலும் இவர்கள் அதை முதலில் சொந்தபந்தத்தின் வேலைக்கு வைத்துக்கொள்கிறார்கள்.

நாங்கள் தங்கும் ஊர் இங்கிருந்து இன்னும் உள்ளே. மண் பாதையில் மெதுவாகப் போய், இருட்டுமுன் சேர்ந்தோம். நாய்கள்தான் முதலில் வரவேற்றன.

செவ்வாய், பள்ளி

காலையில் வண்டியை விட்டு இறங்கும்போது அக்கா சொன்னார்: "இஞ்ச பாரும், முதல் நாள் ஒண்டும் கேக்க வேண்டாம். கதிரையும் வேண்டாம், நிலத்தில இரும். பிள்ளையள் தாங்களா வருவினம்."

அப்படியே செய்தேன். வந்தார்கள். ஆனால் முதலில் எனக்கு ஓர் இடம் கொடுத்தாக வேண்டியிருந்தது. வார்ல்பிரி சமூகத்தில் எட்டுப் பிரிவுகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஆணின் பெயர் 'ஜ'-வில் தொடங்கும், பெண்ணின் பெயர் 'ந'-வில் தொடங்கும். பிறக்கும்போதே பிள்ளைக்கு அது உண்டு. யாருக்கு யார் அப்பா, யார் அத்தை, யாரைக் கட்டலாம், யாரிடம் விலகி நிற்க வேண்டும் என்பதெல்லாம் அதிலிருந்தே தெரிந்துவிடும். அக்காவை வெகு நாளுக்கு முன்பே நங்காலா என்ற பிரிவில் சேர்த்துவிட்டார்கள். வகுப்பில் உதவி ஆசிரியையாக இருக்கும் நரைத்த தலை அம்மா ஒரு நுங்கராயி. நங்காலாவின் சகோதரனைக் கட்டுகிற பிரிவு அது. ஆக அக்காவுக்கு மச்சாள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "உன் தங்கைபோல வந்திருக்கிறாள், அவளும் நங்காலாதான்" என்று முடித்துவிட்டார்.

அந்த நிமிடமே நம்பிஜின்பா பிரிவைச் சேர்ந்த நான்கு வயதுச் சிறுமி என் மடியில் உட்கார்ந்துவிட்டாள். நான் அவளுக்கு அத்தை. நபல்ஜாரி பிரிவுப் பிள்ளைகளுக்கு நான் அம்மா. அப்பாவின் அண்ணன் தம்பியும் அப்பாதான், அம்மாவின் அக்கா தங்கையும் அம்மாதான், அத்தை மாமன் கணக்கு மட்டும் தனி என்கிற வழக்கம் பெரியப்பா, சின்னம்மாவோடு வளர்ந்த எனக்கு விளக்கம் இல்லாமலே பிடிபட்டது. தென்னிந்திய உறவுமுறையையும் ஆஸ்திரேலிய உறவுமுறையையும் மானிடவியலாளர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்திருப்பதில் ஆச்சரியமில்லை.

கணினி வகுப்பின் வடக்கு மூலையில் இருக்கிறது. பெரிய திரை, ஒரு மவுஸ், இரண்டு குட்டி நாற்காலி. மேலே அலமாரியில் ஒரு மணல் கடிகாரம். அதன் மேல் நன்றாகத் தூசி. ஓடிக்கொண்டிருந்தது ஒரு ஜோடி சேர்க்கும் விளையாட்டு: அட்டையைத் திருப்பினால் உடும்பு, நாய், காட்டுக் கிழங்கு என்று படம் வரும், கூடவே வார்ல்பிரியில் பெயர் சொல்லும் குரல். குரல் நுங்கராயியுடையதேதான். திரைக்குள்ளிருந்து அந்தக் குரல் வரும்போதெல்லாம் பிள்ளைகள் ஒரு தடவை திரும்பி நேரில் அவரையும் பார்த்துக்கொள்கிறார்கள்.

மவுஸைப் பிடித்திருந்தவள் ஒரு நபல்ஜாரி, ஐந்து வயதுக்குக் கொஞ்சம் குறைவு. அவளைச் சுற்றி ஐந்து பேர். ஒருத்தி அவள் தலைமேல் மோவாயை வைத்திருந்தாள். ஒருவன் அவள் தோளில் முழு பாரத்தையும் போட்டுச் சாய்ந்திருந்தான். இன்னொருத்தி நாற்காலியின் மற்றப் பாதியில். எல்லாருடைய விரலும் திரையில், எல்லாரும் ஒரே நேரத்தில் பேச்சு. "ஞாங்கா! ஞாங்கா!" என்ற சத்தம்தான் அதிகம், பார், பார் என்று. எந்த அட்டைக்குப் பின்னால் உடும்பு ஒளிந்திருக்கிறது என்பது அந்த ஆறு பேருக்கும் பொதுவான ஞாபகம். ஒருத்தி மறந்ததை இன்னொருத்தன் வைத்திருந்தான்.

'எனக்கு, என் முறை' என்ற பேச்சை அங்கே கேட்கவே முடியவில்லை. மெல்பர்னில் ஒரு காலையில் நான் நாற்பது தடவை கேட்கும் சொல் அது. அதற்காக இங்கே ஒழுங்கு இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. கை நீட்டிய பிள்ளைகளில் சிலரை நபல்ஜாரி "யம்பியா" என்று அதட்டினாள். விடு என்று அர்த்தம். சிலர் கை நீட்டியபோது ஒன்றும் சொல்லாமல் நகர்ந்து கொடுத்தாள். வெகு நேரம் எனக்கு இதன் கணக்குப் புரியவில்லை. மதியம் நுங்கராயியிடம் கேட்டபோது, யார் யாருக்கு என்ன உறவு என்று வரிசையாகச் சொன்னார். அதட்டு வாங்கியவர்கள் அவளுக்குச் சமமான கூட்டாளிகள். நகர்ந்து கொடுத்தது தம்பி தங்கை முறையில் இருப்பவர்களுக்கு.

பத்தரை மணிக்கு அவளுடைய தம்பி வந்தான். மூன்று வயது, சளி ஒழுகும் மூக்கு, ஒரு கையில் பாதி கடித்த ஆப்பிள். கூட்டத்துக்குள் நுழைய முடியாமல் ஓவென்று அழத் தொடங்கினான். உடனே எல்லாரும் சேர்ந்து "வியார்பா" என்றார்கள். ஐயோ பாவம் என்று இரங்கும் சொல் அது. பெரியவர்கள் நாளெல்லாம் சொல்வதை இவர்களும் அதே இழுவையோடு சொல்கிறார்கள். நபல்ஜாரி நாற்காலியில் பாதி இடம் விட்டு அவனை ஏற்றி உட்காரவைத்தாள். ஆப்பிளை வாங்கித் தன் பல்லில் கவ்விக்கொண்டாள். அவன் கையை மவுஸ்மேல் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்தாள். அவன் இஷ்டத்துக்குச் சொடுக்கினான். நாயும் கிழங்கும் வந்தன. எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். ஜெயித்துக்கொண்டிருந்த ஆட்டம் கெட்டதே என்று ஒரு முகமாவது சுருங்குமா என்று பார்த்தேன். இல்லை.

மூன்றாவது, நான்காவது தடவையில் அவள் தன் கையை மெல்ல எடுத்துவிட்டாள். அவனாகவே உடும்பைப் பிடித்தான்.

எங்கள் ஊர்ப் பார்வையில் இந்தக் காலையில் மவுஸைத் தொட்டவர்கள் மூன்றே பேர், மற்றவர்களுக்கு 'வாய்ப்பு' கிடைக்கவில்லை என்று குறிப்பு எழுதுவோம். ஆனால் பக்கத்தில் நின்று பார்ப்பது இங்கே வேலை. பார்த்துப் பார்த்துப் பழகி, தயார் என்று தனக்கே தோன்றும்போதுதான் பிள்ளை கை வைக்கிறது. யாரும் வா வா என்று இழுப்பதில்லை. தோளில் சாய்ந்திருந்தவன் காலை முழுக்க மவுஸைத் தொடவில்லை. பிற்பகலில் அறை காலியாக இருந்தபோது தனியாக வந்தான், விளையாட்டைத் தானே திறந்தான், ஒரு தப்பும் இல்லாமல் நான்கு ஜோடி சேர்த்துவிட்டு வெளியே ஓடிவிட்டான்.

புதன்

அக்காவின் நாள் இது. பள்ளித் தாழ்வாரத்தில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையின் காதாகப் பார்த்தார். 2001-இல் மென்சீஸ் சுகாதார ஆய்வுக் கழகம் இந்த மாநிலத்தின் 29 தொலைதூரக் கிராமங்களில் பார்த்தபோது, ஆறு மாதம் முதல் இரண்டரை வயதுவரையான பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு ஏதாவது ஒரு வகை நடுச்செவி நோய் இருந்தது. செவிப்பறை ஓட்டையாகி ஓயாமல் சீழ் வடிவது ஒரு சமூகத்தில் 4 சதவீதத்தைத் தாண்டினாலே அவசரமாகக் கவனிக்க வேண்டிய சுகாதாரப் பிரச்சினை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். நெரிசலான வீடு, போதாத தண்ணீர் வசதி, சிறு வயதிலேயே தொற்றும் கிருமி. காரணங்கள் எல்லாருக்கும் தெரிந்தவை, தீர்வு மட்டும் வருடம் வருடமாகத் தள்ளிப்போகிறது. இதை எழுதும்போது கோபம் வருகிறது.

பிள்ளைகளில் ஒருவனுக்கு இரண்டு காதிலும் கேட்பது குறைவு. காலையில் பாய்மேல் எல்லாரும் உட்கார்ந்து கதை கேட்டபோது அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். கவனம் இல்லாத பிள்ளை என்று எந்த ஆசிரியையும் எழுதிவிடுவார். அதே பையன் கணினி மூலையில் வேறு ஆள். அங்கே எல்லா முகமும் ஒரு சாண் தூரத்தில். விரல் எங்கே போகிறது என்று தெரிகிறது, யார் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரிகிறது. அதோடு கையும் பேசுகிறது. துக்கம் காக்கும் பெண்கள் மாதக் கணக்கில் வாய் திறக்காமல் இருக்கும் வழக்கம் வார்ல்பிரியில் உண்டு. அதனால் வளர்ந்தது முழுமையான ஒரு சைகை மொழி. அதன் சில சைகைகளை மற்றவர்களும் அன்றாடம் புழங்குகிறார்கள். என்ன, எங்கே என்று கேட்க உள்ளங்கையைச் சுழற்றித் திருப்பினால் போதும். அந்தப் பையன் கையைத் திருப்பினான். பக்கத்தில் இருந்தவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கையால் பதில் சொன்னாள். அவன் எதையும் தவறவிடவில்லை.

"மிசினால நான் கண்டுபிடிக்கிறதுக்கு முதலே அந்தப் பிள்ளையளுக்குத் தெரியும் இவனுக்குக் கேக்காதெண்டு" என்றார் அக்கா. வகுப்புக்கு ஒலிபெருக்கி வைக்கச் சொல்லிக் குறிப்பு எழுதினார். ஆசிரியரின் குரலை அறை முழுக்க ஒரே அளவில் பரப்பும் கருவி அது.

பிற்பகலில் பழைய புகைப்படத் தொகுப்பு ஒன்றைத் திரையில் ஓடவிட்டார்கள். பிள்ளைகளுக்கு இதைவிடப் பிடித்த நிகழ்ச்சி கிடையாது. ஒவ்வொரு படத்துக்கும் கூச்சல்: என் பாட்டி, உன் மாமா, நம் நாய். அடுத்த படம் வந்ததும் கூச்சல் பட்டென்று நின்றது. ஆறேழு பேர் நிற்கும் ஒரு கூட்டப் படம். கூட்டத்தில் மூத்தவளான நபல்ஜாரி எழுந்து போய்த் தன் இரண்டு உள்ளங்கையாலும் திரையின் ஓரிடத்தை மூடிக்கொண்டு நின்றாள். இன்னொருத்தி நுங்கராயியைக் கூப்பிட ஓடினாள். மூன்று வயதுத் தம்பியின் முகத்தை ஒருவன் வேறு பக்கம் திருப்பினான்.

படத்தில் இருந்தவர்களில் ஒருவர் அண்மையில் இறந்துபோனவர். இறந்தவரின் பெயரைச் சொல்வதில்லை; அதே பெயர் உடையவர்களையும் குமஞ்சாயி என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்தையும் பார்ப்பதில்லை, குடும்பம் சரி என்று சொல்லும்வரை. நுங்கராயி வந்து அந்தப் படத்தை மட்டும் கணினியில் வேறொரு கோப்புறைக்கு மாற்றினார். பிள்ளைகளை அவர் புகழவும் இல்லை, விளக்கம் சொல்லவும் இல்லை. செய்ய வேண்டியதை அவர்கள் செய்தார்கள், அவ்வளவுதான். படங்கள் மறுபடி ஓடின, கூச்சலும் திரும்பியது.

ஐந்து வயதுகூட ஆகாத பிள்ளைகள் ஒரு திரையில் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது, யாருக்காகப் பார்க்கக் கூடாது என்று சேர்ந்து முடிவு செய்ததை எந்தப் பாடத்திட்டத்திலும் நான் படித்ததில்லை.

வியாழன்

பள்ளி முழுக்க வெளியே போனது. பாட்டிகள், குழந்தைகள், இரண்டு வண்டி நிறையச் சாமான். பாட்டிகள் இரும்புக் கம்பியால் செம்மண்ணைத் தட்டித் தட்டி, ஓசையை வைத்தே கிழங்கு இருக்கும் இடத்தைக் கண்டார்கள். ஓர் உடும்பும் அகப்பட்டது. நெருப்புத் தணலில் சுட்டுப் பங்கு போட்டார்கள். பங்கிலும் உறவுக் கணக்குதான். எனக்குக் கிடைத்த துண்டு பிள்ளைகளின் அத்தைக்கு உரியது.

நிழலில் ஒரு பாட்டி கதை சொன்னார். முன்னால் இருந்த மணலை உள்ளங்கையால் நிரவி, விரலால் வரைந்துகொண்டே. குதிரை லாடம்போல ஒரு வளைவு என்றால் உட்கார்ந்திருக்கும் ஆள். வட்டத்துக்குள் வட்டம் என்றால் நீர்நிலை அல்லது தங்கும் இடம். ஒரு காட்சி முடிந்ததும் மணலை அழித்து நிரவிவிட்டு அடுத்த காட்சி. நான்சி மன் என்ற மானிடவியலாளர் 1950-களின் பிற்பகுதியில் யுவெண்டுமுவில் தங்கி இந்த மணல் கதைகளைப் பதிவு செய்தார். குளிர் காற்றில் பாட்டியின் பின்னால் சுருண்டு கிடந்து கேட்டேன். மொழி புரியவில்லை. ஆனாலும் யாரோ யாரையோ விட்டுப் போவது புரிந்தது.

வெள்ளி

இன்று கைக்கணினிகளை எடுத்து வைத்தார்கள். ஆளுக்கு ஒன்று கொடுக்கும் அளவுக்கு இருந்தது. முதல் பத்து நிமிடம் எனக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு மூலைக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தது, அறை அமைதியாகிவிட்டது. சின்னத் திரையைச் சுற்றி ஆறு தலை நுழையாது. கல்வித் துறைக்காரர்கள் 'ஒரு பிள்ளைக்கு ஒரு கருவி' என்பதைப் பெரிய சாதனையாகச் சொல்வார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு அது என்ன நன்மை செய்யும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே அவர்கள் தங்கள் வழியைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

நம்பிஜின்பா தன் கருவியைத் தரையில் மல்லாக்க வைத்து, அதன் முன்னால் சம்மணமிட்டாள். வரையும் செயலியைத் திறந்தாள். பெயர் சொல்லி யாரையும் கூப்பிடவில்லை. மெல்லப் பேசத் தொடங்கினாள். ஒவ்வொருவராக வந்தார்கள். அவர்களுடைய கருவிகள் ஆங்காங்கே ஒளிர்ந்தபடி கிடந்தன. சுற்றி உட்கார்ந்து, முழங்காலோடு முழங்கால் ஒட்டிக்கொண்டார்கள்.

விரலால் ஒரு வளைவு போட்டாள். பக்கத்தில் சின்ன வளைவு. நடுவே வட்டம். நேற்றைய கிழங்கு தோண்டிய இடம் அது என்று நுங்கராயி என் காதில் சொன்னார். பெரிய வளைவு பாட்டி, சின்னது அவள். இன்னொரு வளைவு கொஞ்சம் தள்ளி: "பிமிர்டி." அத்தை, அதாவது நான். காது மந்தமான பையன் அவளுக்கு நேர் எதிரே இடம் பிடித்திருந்தான். அவளுடைய வாயையும் விரலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். கோட்டை அவள் ஓர் இடத்தில் நிறுத்தியபோது அவன் கை நீட்டி உடும்பின் தடத்தைப் போட்டான், நடுவில் ஒரு நீளக் கோடு, இரண்டு பக்கமும் குட்டிக் கால் தடங்கள். அவள் தடுக்கவில்லை. கதை அவன் போட்ட தடத்தின் வழியே போனது.

காட்சி முடிந்தது. உள்ளங்கையை விரித்துத் திரையின் மேல் ஓர் இழுப்பு இழுத்தாள், மணலை நிரவுகிற அதே அசைவு. திரை அழியாமல் வண்ணக் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் விழுந்தன. எல்லாரும் சிரித்தார்கள். நபல்ஜாரி குனிந்து, மேலே இருந்த குப்பைத் தொட்டிப் படத்தைத் தொட்டாள், திரை வெறுமையானது. அப்புறம் ஒவ்வொரு காட்சி முடிவிலும் நம்பிஜின்பா உள்ளங்கையால் நிரவுவதும், நபல்ஜாரி தொட்டு அழிப்பதும் இருவருக்கும் ஒரு வேலையாக அமைந்துவிட்டது.

வகுப்பின் இளம் ஆசிரியர், நகரத்திலிருந்து இந்த வருடம்தான் வந்தவர், ஆவலோடு ஓடிவந்து படத்தைச் சேமிக்கச் சொல்லிக் கேட்டார். பெற்றோருக்குக் காட்டலாம், சுவரில் ஒட்டலாம் என்று. அவருடைய நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. மெல்பர்னில் நானும் பிள்ளை ஒவ்வொன்றின் படத்தையும் கோப்பில் வைக்கிறேன். ஆனால் அன்று அங்கே இருந்தது படம் கிடையாது. ஒருத்தி பேசுவதும், ஒருவன் தடம் போடுவதும், ஒருத்தி அழிப்பதும், மற்றவர்கள் ஒட்டி உட்கார்ந்து 'ம்' கொட்டுவதும் சேர்ந்ததுதான் அது. சேமித்தால் கிடைப்பது நான்கு வளைவும் ஒரு வட்டமும். நம்பிஜின்பா அவரை நிமிர்ந்து பார்த்தாள், திரையைப் பார்த்தாள், நிரவினாள். நபல்ஜாரி தொட்டாள்.

நுங்கராயி, பழங்குடி ஆசிரியர்களைப் பயிற்றுவித்த பேட்சலர் கல்லூரியில் பயிற்சி பெற்றவர். 1973-இல் தொடங்கிய இருமொழிக் கல்வியின் நல்ல நாள்களைப் பார்த்தவர். அந்தக் காலத்தில் பள்ளியிலேயே வார்ல்பிரிப் புத்தகம் எழுதி, படம் வரைந்து, அச்சடித்தார்கள். 2008-இல் தினமும் முதல் நான்கு மணி நேரம் ஆங்கிலம்தான் என்று மாநில அரசு அறிவித்ததை இன்றும் வலியோடு பேசுகிறார். தங்கச் சுரங்க ராயல்டியிலிருந்து வார்ல்பிரி மக்களே 2005-இல் அமைத்த கல்வி நிதியால்தான் பல காரியங்கள் நடக்கின்றன என்றார். விளையாட்டுக்குத் தன் குரலைப் பதிவு செய்ததைப் பற்றிக் கேட்டேன். பேரப்பிள்ளைகள் வேறு ஊர்ப் பள்ளிக்குப் போனாலும் தன் குரல் அவர்களோடு போகும் என்றார்.

சனி, மறுபடி ஆலிஸ்

திரும்பும் வழியில் அக்காவும் நானும் நிறையப் பேசினோம். இரண்டு பிள்ளைகளை ஆலிஸ் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும், தாய்மார் சம்மதித்திருக்கிறார்கள். ஒலிபெருக்கிக்கு விண்ணப்பம் போகிறது. கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன் என்றார்.

என் பள்ளியில் திங்கள்கிழமை நான் கேட்கப்போவது சின்ன விஷயம்: கணினி மூலையில் நாற்காலிக்குப் பதில் நான்கு பேர் உட்காரும் நீள பெஞ்சு. மணல் கடிகாரம் தேவைப்படுகிற பிள்ளை இருந்தால் இருக்கட்டும். ஆனால் எட்டிப் பார்க்க வருகிற பிள்ளையை விரட்டக் கூடாது என்பதை எழுத்தில் வாங்கப்போகிறேன். என் வகுப்பில் இருப்பது வார்ல்பிரிப் பிள்ளைகள் இல்லை. வியட்நாம், சோமாலியா, பஞ்சாப், யாழ்ப்பாணம் என்று பல வீட்டுப் பிள்ளைகள். ஒவ்வொரு வீட்டிலும் யார் யாருக்கு விட்டுக்கொடுப்பது என்று ஒரு கணக்கு இருக்கும். ஐந்து நிமிடச் சட்டம் போடுவதற்கு முன்னால் அந்தக் கணக்கைக் கொஞ்ச நாள் கவனிக்க வேண்டும்.

நுங்கராயி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. பெரிய கணினியை மேசையிலிருந்து இறக்கித் தாழ்வாரத் தரையில் வைக்க வேண்டுமாம். அங்கே என்றால் பாட்டிகளும் வந்து உட்காருவார்கள். மின் வயர்தான் எட்டவில்லை. இன்று மாலை இங்கே கடையில் 10 மீட்டர் வயர் ஒன்று வாங்கி அக்காவிடம் கொடுத்துவிட்டேன். அடுத்த மாதம் அவர் காது பார்க்கப் போகும்போது கொண்டுபோவார்.